ஏழு வீடு மாறும் பூனையும், ஒரு சட்டம் கேட்ட நடனக் கலைஞரும்!

மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். செம்பாக்கத்தில் உங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் பைக்கை எடுக்கப் போறீங்க. எங்கிருந்தோ ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா, பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவுல உள்ளங்கை அளவுக்கு ஒரு பூனைக்குட்டி. தன் உடம்பைவிடப் பெரிய குரலில் கத்திக்கிட்டு இருக்கு. தாயைக் காணோம்.

அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். வாட்ச்மேன் அண்ணா ஒரு சாக்கோடு வருவார். மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டா பிழைச்சுக்கும் என்பார். மூணாவது மாடி ஆன்ட்டி கிண்ணத்தில் பசும்பால் கொண்டு வருவார். யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார். மூணு பேருமே நல்லவங்கதான். ஆனா, மூணுமே குட்டிக்கு உதவாது.

நீங்க முதல்ல செய்ய வேண்டியது, ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான். குட்டி மேல அடிபட்டிருந்தா, எறும்பு மொய்ச்சா, நனைஞ்சு விறைச்சுப் போயிருந்தா, பக்கத்தில் நாய் நின்னா உடனே தூக்கணும். வண்டி ஏறிடும் இடத்தில் இருந்தா நாலடி தள்ளி, காய்ஞ்ச இடத்தில் வைக்கலாம். மத்தபடி, கை வைக்காதீங்க. பூனை குட்டியோட ஏழு வீடு மாறும்னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஏழுங்கிற கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், விஷயம் உண்மை. இடம் பாதுகாப்பா இல்லைன்னு தோணினா, தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொண்ணா வாயில் கவ்வி வேற இடத்துக்குக் கொண்டுபோகும். ஒண்ணைக் கொண்டுபோய் விட்டுட்டு வர்ற இடைவெளியில்தான் அடுத்தது தனியா கிடந்து கத்தும். சில நேரம் இரை தேடவும் போயிருக்கும். நீங்க பக்கத்திலேயே நின்னா அது வராது. அதனால மாடிப்படிக்குப் போய், கண்ணுக்கு எட்டுற தூரத்தில் உட்காருங்க. ரெண்டு, மூணு மணி நேரம் பாருங்க.

உட்கார்ந்ததும் போனை எடுப்பீங்கதானே? எடுங்க. அந்த நேரத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிப் படிச்சிடலாம். பரதநாட்டியம் என்றதும் நினைவுக்கு வர்ற பெயர் அவருடையது. கலாக்ஷேத்ராவை உருவாக்கியவர். உங்க பார்க்கிங்கில் கத்திக்கிட்டிருக்கும் அந்தக் குட்டிக்கு இந்த நாட்டில் சட்டப்படி ஓர் இடம் இருக்குன்னா, அதைக் கேட்டு வாங்கினவரும் அவர்தான். ருக்மிணி தேவி அருண்டேல்.

நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29, மதுரை. லீப் வருடத்தின் அந்த உபரி நாளில் பிறந்தார் ருக்மிணி. அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித்துறை இன்ஜினீயர். சம்ஸ்கிருதம் படித்தவர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வுபெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்து, அந்த சபையின் தலைமையகம் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். அங்கேதான் அன்னி பெசன்ட்டின் நிழலில் ருக்மிணி வளர்ந்தார். சைவ உணவு, எல்லா உயிர்களையும் ஒன்றாகப் பார்ப்பது, விலங்குகளைச் சோதனைக்கூடங்களில் வதைப்பதை எதிர்ப்பது... இதெல்லாம் அந்த வளாகத்தில் அன்றாடப் பேச்சு.

1920-ல் அவருக்குத் திருமணம். வயது 16. மாப்பிள்ளை ஜார்ஜ் அருண்டேல் ஆங்கிலேயர், கல்வியாளர், 41 வயது. 1917-ல் சுயாட்சி கேட்டதற்காக அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். பிராமணக் குடும்பத்துப் பெண் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொள்கிறாள் என்று மெட்ராஸே கொதித்தது. கல்யாணம் பம்பாயில் நடந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியை ருக்மிணி 16 வயதிலேயே கடந்துவிட்டார். பின்னால் அது அவருக்கு நிறைய தேவைப்பட்டது.

கணவரோடு உலகம் சுற்றியபோது, ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா அறிமுகமானார். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் ஒரே கப்பலில் இருவரும் பயணம் செய்தார்கள். பாவ்லோவாவும் விலங்குப் பிரியர்தான். லண்டன் வீட்டுக் குளத்தில் அன்னங்களை வளர்த்தவர். ருக்மிணி பாலே கற்க அவர் வழி செய்து கொடுத்தார். கூடவே, உன் நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்று அனுப்பிவைத்தார்.

தேடியபோது கிடைத்தது சதிர். தேவதாசி மரபில் வந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஆட்டம். அதை ஒழிக்க வேண்டும் என்று பெரிய இயக்கமே நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ருக்மிணி கற்றுக்கொண்டார். 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் பிறந்தது கலாக்ஷேத்ரா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கலையைக் காத்த குடும்பத்துப் பெண்களை ஓரங்கட்டிவிட்டு, அதை மேல்தட்டு மேடைக்கு எடுத்துப்போனார் என்ற விமர்சனம் ருக்மிணி மீது இன்றும் உண்டு. நடனத்தில் சிருங்காரத்தின் இடம் பற்றி அவரோடு டி.பாலசரஸ்வதி வெளிப்படையாகவே முரண்பட்டார். அந்த விவாதம் நியாயமானது, இன்னும் முடியாதது. அதையும் மனதில் வைத்துக்கொண்டே அவர் வாழ்க்கையின் அடுத்த பாதிக்குப் போவோம். பாடப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத பாதி அது.

டெல்லியில் ஒரு மசோதா

1945-ல் ஜார்ஜ் அருண்டேல் இறந்தார். 41 வயதில் ருக்மிணி தனியானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1952-ல் மாநிலங்களவை உருவானபோது, குடியரசுத் தலைவர் நியமித்த 12 உறுப்பினர்களில் அவரும் ஒருவர். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ், நடிகர் பிருத்விராஜ் கபூர் எல்லாம் அதே பட்டியலில் இருந்தவர்கள்.

நடனத்துக்காக நியமிக்கப்பட்டவர், நடனத்துக்கு ஏதாவது கேட்பார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் கொண்டுவந்தது விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா.

அதற்கு முன்னால் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. ஆங்கிலேயர்கள் 1890-ல் போட்டது. ஆனால், அதன் பார்வையில் விலங்கு என்றால் வீட்டில் வளர்ப்பதும், பிடித்து அடைத்து வைத்திருப்பதும்தான். வண்டி மாடு, குதிரை, கூண்டுக்கிளி என்று மனிதன் கையில் இருப்பவை மட்டும் கணக்கில் வரும். சோதனைக்கூடங்களுக்குள் நடப்பது பற்றி அது யோசிக்கவே இல்லை.

1953-ன் அந்த மசோதா 1954 மார்ச்சில் அவையில் விவாதத்துக்கு வந்தது. விலங்குகள் படும் பாட்டை ருக்மிணி அவைக்கு எடுத்துச் சொன்னார். பிரதமர் நேருவே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டினார். ஆனால், இதை அரசே ஆராய்ந்து முழுமையான சட்டமாகக் கொண்டுவரும், அதற்கு ஒரு குழு அமைப்போம், நீங்கள் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

குழு என்றால் என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒரு ஐடியா சொல்லி, இதுக்கு ஒரு கமிட்டி போடலாம்னு மேனேஜர் சொன்னா அன்னிக்கு நைட் நமக்குத் தூக்கம் வராது. ருக்மிணி முன்னால் இருந்தது இரண்டே வழி. விடாப்பிடியாக நின்று, ஓட்டெடுப்பில் தோற்று, பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது, வாக்குறுதியை நம்பி மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டு, அதை நிறைவேற்றும்வரை பின்னாலேயே நடக்கலாம்.

அவர் திரும்பப் பெற்றார். பின்னாலேயே நடந்தார்.

ஆறு ஆண்டுகள் ஆயின. 1960 டிசம்பரில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதில் விலங்கு என்பதற்கு இருக்கும் விளக்கத்தை ஒருமுறை தெரிஞ்சுக்கோங்க. மனிதரைத் தவிர உயிருள்ள எதுவும் விலங்குதான். யாருடையது, என்ன விலை, எதற்குப் பயன்படும் என்ற கேள்வி எதுவும் அந்த விளக்கத்தில் கிடையாது. உங்க பைக் பின்னால கத்துதே, யாருக்கும் சொந்தமில்லாத அந்த 200 கிராம் உயிர், அதுவும் அதற்குள் வந்துவிடுகிறது.

அவர் விரும்பிய எல்லாமே அதில் இருந்ததா? இல்லை. மதச் சடங்குக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. விலங்குச் சோதனைகளைத் தடைசெய்யவில்லை, கண்காணிக்க ஒரு குழுவுக்கு மட்டும் இடம் தந்தது. வாழ்நாள் முழுவதும் இறைச்சியைத் தொடாத, விலங்குச் சோதனைகளை எதிர்த்துப் பேசிய ஒருவருக்கு இது பாதி வெற்றிதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் வேலையை ஆரம்பித்தார்.

1962

அந்தச் சட்டத்தின் கீழ், 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. அதே ஆண்டு அவருடைய மாநிலங்களவைப் பதவிக்காலம் முடிந்தது. அதே ஆண்டுதான் கலாக்ஷேத்ராவும் அடையாறிலிருந்து திருவான்மியூரின் 100 ஏக்கர் வளாகத்துக்கு இடம் மாறியது. மணல் பூமியில் மரம் நட்டு, நிழல் வந்து, அந்த நிழலில் வகுப்புகள் நடந்தன. வாரியத்தின் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது. 2018-ல்தான் ஹரியானாவுக்கு மாறியது.

அதே காலத்தில் இதே ஊரில் இன்னொன்றும் முளைத்தது. 1959-ல் விமானி கேப்டன் வி.சுந்தரமும் அவருடைய மனைவி உஷாவும் தொடங்கிய புளூ கிராஸ். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே தெருவில் விடலாம் என்று 1960-களிலேயே சொன்ன அமைப்பு. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. நாடு முழுவதற்கும் விதிகள் வர 2001 ஆனது. நல்ல யோசனைகளும் பூனை மாதிரிதான்போல. ஏழு வீடு மாறித்தான் ஓர் இடத்தில் உட்காரும்.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்த முன்வந்தார். மறுத்துவிட்டார். திருவான்மியூரிலேயே இருந்தார். 1986 பிப்ரவரி 24-ம் தேதி இறக்கும்வரை, 24 ஆண்டுகள், வாரியத்தின் வேலையை அவர் விடவில்லை.

ஒரு மசோதாவுக்கு உரை தயாரிக்கச் சில வாரங்கள் போதும். அதற்குப் பின்னால் அவர் நடந்தது 30 ஆண்டுகளுக்கும் மேல். அவரிடமிருந்து நாம எடுத்துக்க வேண்டியது இதைத்தான்னு தோணுது. பாவம்னு தோணுறது ஒரு நிமிஷம். அதுக்கு அப்புறம் வர்ற வேலைதான் கருணை.

சரி, இப்போ பார்க்கிங்கைப் பாருங்க

தாய்ப்பூனை வந்துட்டா பிரச்னை முடிஞ்சது. கொஞ்சம் தள்ளி சாப்பாடும் தண்ணியும் வெச்சுட்டு வந்துடுங்க. குட்டிகள் தாய்ப்பாலை மறந்ததும், அதாவது ரெண்டு மாசம் கழிச்சு, தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. பூனையோட கர்ப்பகாலம் சுமார் ரெண்டே மாசம்தான். நாலஞ்சு மாசக் குட்டியே கர்ப்பமாகிடும். இந்த வருஷம் ஒரு பூனைக்கு நீங்க செய்யும் ஆபரேஷன், அடுத்த வருஷம் இதே பார்க்கிங்கில் பல குட்டிகள் கத்தாம இருக்க வழி.

தாய் வரவே இல்லையா? அப்போ தூக்குங்க. முதல்ல சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தா செரிக்காது. அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரிச்சு, ஹாட் வாட்டர் பேக்கைத் துணியில் சுத்தி ஒரு ஓரமா வைங்க. சூடு அதிகமானா குட்டி நகர்ந்துக்க மறுபக்கம் இடம் விடுங்க.

கண் திறக்கலைன்னா பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. கண் திறந்து தள்ளாடி நடந்தா மூணு வாரம் இருக்கும். ஓடுது, விளையாடுதுன்னா ஒரு மாசத்துக்கு மேல. வயசை வெச்சுத்தான் சாப்பாடு.

பசும்பால் வேண்டாம். வயித்துப்போக்கு வந்து, நீர்ச்சத்து குறைஞ்சே குட்டி இறந்துடலாம். பெட் ஷாப்பில் பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடர் கிடைக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சிலோ, சின்ன ஃபீடிங் பாட்டிலிலோ கொடுக்கலாம். குழந்தையை மாதிரி மல்லாக்கப் படுக்க வெச்சு ஊட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குப் போயிடும். தாய்கிட்ட குடிக்கிற மாதிரி வயிறு தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். கண் திறக்காத குட்டின்னா ராத்திரியிலும் ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கணும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணியில் நனைச்ச பஞ்சால வாலுக்குக் கீழே மெதுவா துடைச்சு விடுங்க. தாய் நக்கிவிடும் வேலை அது. அதைச் செய்யலைன்னா அந்த வயசுக் குட்டியால மலஜலம் கழிக்க முடியாது.

காய்ச்சல் மாதிரி இருக்கேன்னு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைச்சுக் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது விஷம். அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. தனியார் கிளினிக் செலவு தாங்காதுன்னா, வேப்பேரி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. தாம்பரத்தில் ரயில் ஏறினா எழும்பூர், அங்கிருந்து பக்கம்தான். ரெண்டு மாசத்தில் முதல் தடுப்பூசி, மூணு மாசத்தில் ராபிஸ் தடுப்பூசி. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தா, புதுசை ரெண்டு வாரமாவது தனி ரூமில் வைங்க.

பிறாண்டினாலோ கடிச்சாலோ, சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ராபிஸ் தடுப்பூசி போட்டுக்கோங்க. இலவசம்தான்.

கிடைச்சது பெரிய பூனைன்னா, கழுத்துப்பட்டை இருக்கான்னு பாருங்க. யார் வீட்டுப் பூனையோ தொலைஞ்சு வந்திருக்கலாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுங்க. ஆனா ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாம வெச்சுக்கோங்க. என்னோடதுன்னு வர்றவர்கிட்ட அதைக் கேளுங்க. ஒரு காது நுனி நேரா வெட்டியிருந்தா, அது கருத்தடை ஆன தெருப்பூனை. நல்லா இருக்கும் பட்சத்தில் அதை அதன் தெருவிலேயே விட்டுடலாம்.

ஏதாவது அமைப்புக்கு போன் பண்ணி ஒப்படைச்சுட்டா முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. கூட்டமான காப்பகத்தில் தடுப்பூசி போடாத குட்டிக்கு வைரஸ் தொற்றும் ஆபத்து அதிகம். ஒரு மாசம் உங்க பால்கனி, பாத்ரூம் ஓரம், ஏதாவது ஓர் இடம் கொடுத்து, அப்புறம் நல்ல வீடாப் பார்த்துக் கொடுக்கிறதுதான் குட்டிக்குப் பாதுகாப்பு.

சாக்கோடு நிற்கும் அண்ணாவிடம்...

அவர்கிட்ட கோபப்படாதீங்க. அவருக்கு சங்கத்திலிருந்து யாரோ சொல்லியிருப்பாங்க. இதை மட்டும் பொறுமையா சொல்லுங்க. பட்டினியாலோ தாகத்தாலோ தவிக்கும்படி ஒரு விலங்கை நியாயமான காரணமில்லாமல் கைவிடுவது, 1960 சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். கண் திறக்காத குட்டியை சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடுவதும் அதுதான். விஷம் வைத்தால் அதைவிடப் பெரிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அந்த 11-வது பிரிவில் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இன்றைக்கு ஒரு ஃபில்டர் காபியும் வடையும் அதைவிட அதிகம். அபராதத்தை உயர்த்த 2022-ல் ஒரு வரைவு வெளியானது. பழைய தொகைதான் இன்னும் தொடர்கிறது. ருக்மிணி தேவி நடந்த பாதை அப்படியே பாதியில் கிடக்கிறது. மீதியை யாராவது நடக்க வேண்டும்.

அதுக்கு எல்லாரும் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. செம்பாக்கம் 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. வார்டு கவுன்சிலரிடம் தெருப்பூனைகளுக்கும் கருத்தடை முகாம் கேட்டு ஒரு மனு கொடுக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில், ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நம்ம பார்க்கிங் பூனைகளுக்கு ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்கலாம். மழைக்காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ணும் முன்னால் பானெட்டை ரெண்டு தட்டு தட்டுங்கன்னு நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டலாம். இன்ஜின் சூட்டுக்கு உள்ளே ஏறித் தூங்கும் குட்டிகள் அதனால பிழைக்கும். முதல் கூட்டத்தில் ஒத்துக்க மாட்டாங்க. கமிட்டி போடலாம்பாங்க. போடட்டும். நீங்க பின்னாலேயே நடங்க.

படிச்சு முடிச்சுட்டீங்களா? போனை உள்ளே வெச்சுட்டு ஒருமுறை எட்டிப் பாருங்க. காம்பவுண்ட் சுவர் மேல ஒரு பூனை உட்கார்ந்து உங்களையே முறைச்சுக்கிட்டு இருந்தா, அதுதான் அம்மா. நீங்க எழுந்து மேல போங்க, அது கீழே வரட்டும். சுவர் காலியா இருந்தா, ஒரு அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் எடுத்துட்டு கீழே வாங்க.